பிளஸ் 2 தொழிற்பிரிவை மூடிவிட்டு ஐடிஐயை மட்டும் வளர்த்தால் போதுமா?

ஃபிட்டர் பயிற்றுநர்:
அரசு ஐடிஐ (தொழிற்பயிற்சி நிலையம்) ஒன்றில் ஃபிட்டர் பிரிவு நடத்துகிறேன். நேரடியாகவே கேட்கிறேன். தமிழ்நாட்டில் தொழிற்கல்வி மூன்று துறைகளிடம் சிதறிக் கிடக்கிறது. மேல்நிலைப் பள்ளித் தொழிற்பிரிவு பள்ளிக்கல்வித் துறையிடம், ஐடிஐ தொழிலாளர் நலத் துறையிடம், பாலிடெக்னிக் உயர்கல்வித் துறையிடம். மூன்று இடத்திலும் லேத் (கடைசல் இயந்திரம்) வேண்டும். ஆனால் ஒரு துறை வாங்கிய லேத்தை இன்னொரு துறையின் பிள்ளை தொட முடியாது.

இதில் பள்ளித் தொழிற்பிரிவு பெயருக்குத்தான் ஓடுகிறது. பொது இயந்திரவியல் எடுத்துப் படித்து எங்களிடம் மறுபடி வந்து சேரும் பையன்களுக்கு அளவு பார்க்கும் வெர்னியரைப் பிடிக்கத் தெரியவில்லை. இரண்டு வருடம் படித்திருக்கிறார்கள், வெர்னியரைப் படமாகத்தான் பார்த்திருக்கிறார்கள். எங்களிடமோ முதல் சில மாதங்கள் ஃபைல் போடுவதுதான், அதாவது அரத்தால் தேய்ப்பதுதான் வேலை. இரும்புத் துண்டு ஒன்றை வைஸ் என்ற பிடிப்பானில் கட்டித் தேய்த்து, செங்கோணம் பார்க்கும் ட்ரை ஸ்கொயரை வைத்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்க்க வேண்டும். நடுவில் கீற்றாக வெளிச்சம் தெரிந்தால் திரும்பத் தேய்க்க வேண்டும். கை அப்படித்தான் பழகும்.

71 அரசு ஐடிஐகளை டாடா டெக்னாலஜீஸுடன் சேர்ந்து 2,877 கோடி ரூபாயில் அரசு மேம்படுத்தியிருக்கிறது. 8ஆம் வகுப்போ 10ஆம் வகுப்போ முடித்து ஐடிஐ படித்தவர்கள் மொழிப்பாடம் எழுதித் தேறினால் 10, 12க்கு இணையான சான்றிதழும் உண்டு என்று ஆகிவிட்டது. அப்புறம் எதற்குப் பள்ளியில் ஒரு அரைகுறை ஐடிஐ? இயந்திரம், மின்சாரம், ஆட்டோமொபைல் பிரிவுகளையாவது மூடி, அந்தப் பணத்தையும் பணியிடங்களையும் எங்கள் பக்கம் திருப்பலாம் என்பது என் கருத்து.

பழைய வாத்தியார்:
சார், நான் அதே பொது இயந்திரவியல் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவன். நீங்கள் சொன்ன வெர்னியர் விஷயம் உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அது ஏன் நடந்தது என்பதைச் சொல்லாமல் மூடச் சொல்கிறீர்கள்.

1978இல் பிளஸ் 2 வந்தபோதே தொழிற்பிரிவும் வந்தது. ஆசிரியர்களைப் பகுதி நேரமாக எடுத்தார்கள். நிரந்தரமாவதற்குள் பலருக்குப் பாதி வயது போய்விட்டது. ஒருவர் ஓய்வு பெற்றால் அந்த இடத்துக்கு ஆள் வராது, அடுத்த வருடம் அந்தப் பிரிவில் சேர்க்கை இருக்காது. நான் வேலை பார்த்த பள்ளியில் நான் கிளம்பிய பிறகு லேத் மேல் தார்ப்பாய் போட்டுவிட்டார்கள். அந்த வருடம் சேர்ந்த பிள்ளைகளுக்கு இயற்பியல் ஆசிரியர்தான் புத்தகத்தைப் படித்துக் காட்டினார். சோறு போடாமல் வைத்துவிட்டு, மாடு கறக்கவில்லை என்று விற்கச் சொல்வது நியாயமா?

இன்னொன்று. 15 வயதுப் பிள்ளை பள்ளிக்குள்ளேயே இருந்துகொண்டு தொழில் கற்பதில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. மனம் மாறினால் கல்லூரிக்குப் போகலாம், டிப்ளமோவில் நேரடி இரண்டாம் ஆண்டு சேரலாம். பொறியியல் கலந்தாய்வில் தொழிற்பிரிவுக்கென்று தனி ஒதுக்கீடும் இருக்கிறது. மேல்நிலைப் பள்ளி இருக்கும் ஊரிலெல்லாம் ஐடிஐ இருக்கிறதா? பெண்பிள்ளையை இரண்டு பஸ் மாறி ஐடிஐக்கு அனுப்ப எத்தனை வீட்டில் சம்மதிப்பார்கள்?

கரிசல்காரி:
நீங்கள் இரண்டு பேரும் எந்தக் கொட்டகையில் படிக்கவைப்பது என்று சண்டை போடுகிறீர்கள். யாரைப் படிக்கவைக்கிறோம் என்பதை யாரும் பேசவில்லை.

சாத்தூர் பக்கம் எங்கள் ஊர். 10ஆம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் 400க்கு மேல் வாங்கிய பிள்ளைக்கு முதல் குரூப், நடுவில் இருப்பவனுக்கு காமர்ஸ், மிச்சமிருப்பவனுக்குத் தொழிற்பிரிவு. அந்த மிச்சம் யார் என்று பாருங்கள். தீப்பெட்டி ஒட்டுகிறவர் பிள்ளை, பட்டாசு ஆலைக்குப் போகிறவர் பிள்ளை, காலனிப் பிள்ளை. அவனுக்கு மோட்டாரில் ஆசை இருக்கிறதா என்று ஒருவர்கூடக் கேட்பதில்லை. அரை நாள் பள்ளி, அரை நாள் அப்பன் தொழில் என்று 1953இல் வந்த திட்டத்தைக் குலக்கல்வி என்று சொல்லி இந்த ஊர் எதிர்த்தது. காமராஜர் முதல்வரானதும் 1954இல் அது போனது. இன்று சட்டமாக யாரும் அப்படிச் சொல்வதில்லை, மதிப்பெண் பட்டியல் அந்த வேலையைச் செய்கிறது. 12 வரை எல்லோருக்கும் ஒரே படிப்பு, அதன் பிறகு தொழில் என்பதுதான் என் நிலை.

ஃபிட்டர் பயிற்றுநர்:
மேடம், குலக்கல்வியோடு இதைச் சேர்க்காதீர்கள். அது அப்பன் தொழிலையே பிள்ளைக்குக் கட்டிவிட்டது. கூலி வேலை செய்பவரின் மகள் எங்களிடம் வந்து சிஎன்சி (கணினி வழி இயங்கும் இயந்திரம்) இயக்கக் கற்றுப் போகிறாள். அப்பன் தொழிலிலிருந்து வெளியே வரும் கதவு இது. 12 வரை எல்லோரும் ஒரே படிப்பு என்றால் 10இல் தோற்றவன், 8உடன் நின்றவன் எங்கே போவான்? வெல்டர், ஒயர்மேன் பிரிவுகளுக்கு 8 தேர்ச்சி போதும் என்று வைத்திருப்பதே அவனுக்காகத்தான். அரசு ஐடிஐயில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகை கொடுக்கிறோம். அரசுப் பள்ளியில் படித்து வந்த பெண் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் 1,000 ரூபாய் தனியாக வருகிறது, பையனுக்குத் தமிழ்ப் புதல்வன். அந்தப் பணம் இல்லையென்றால் சிலர் அதே பட்டாசு ஆலைக்குத்தான் போயிருப்பார்கள்.

கரிசல்காரி:
8உடன் நின்றவனுக்கு ஐடிஐ வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை, சார். அவன் ஏன் 8உடன் நின்றான் என்று கேட்கிறேன். உங்கள் சிஎன்சி பெண்ணைப் பற்றிக் கேட்கச் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் அவள் வகுப்பில் முதலிடம் வாங்கிய பிள்ளைக்கு ஐடிஐ என்று ஒன்று இருப்பதாவது தெரியுமா? 2022இலிருந்து நான் முதல்வன் திட்டம் இருக்கிறது, 9 முதல் 12 வரை வழிகாட்டல் என்கிறார்கள். எங்கள் ஊரில் நன்றாகப் படிக்கும் பிள்ளைக்கு அதிலும் பொறியியலும் மருத்துவமும்தான் காட்டுகிறார்கள், மற்றவனுக்குத்தான் ஐடிஐ. இந்தப் பிரிவினை இருக்கும்வரை கொட்டகையை எங்கே மாற்றினாலும் உள்ளே இருப்பது அதே பிள்ளைகள்தான்.

ஆவாரம்பாளையம்:
கோயம்புத்தூரில் சின்னதாகப் பம்ப் பாகங்கள் செய்யும் பட்டறை வைத்திருக்கிறேன். ஆள் எடுக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். டிராயிங் படிக்கத் தெரிந்து, மைக்ரோமீட்டரில் நூறில் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசத்தைப் பிடிக்கிற பையன்தான் எனக்கு வேண்டும். அது ஐடிஐயில்தான் கிடைக்கிறது. அந்த அளவில் பயிற்றுநர் சார் பக்கம்.

ஆனால் என் ஆபீஸில் கணக்கு பார்க்கும் பெண் பிளஸ் 2வில் கணக்குப்பதிவியலும் தணிக்கையும் என்ற தொழிற்பிரிவு படித்தவர். டேலியில் ஜிஎஸ்டி பில் போடுவதை வந்த வாரமே பிடித்துக்கொண்டார். கணக்கு, அலுவலக மேலாண்மை, வேளாண்மை, செவிலியர் பிரிவுகளுக்கு லேத் வேண்டாம், நல்ல ஆசிரியர் இருந்தால் போதும். அவற்றையும் சேர்த்து மூடினால் பெண்பிள்ளைகள் பக்கம்தான் அடி விழும்.

அப்புறம் அப்ரண்டிஸ் (தொழில் பழகுநர்) விஷயம். 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் கட்டாயம் அப்ரண்டிஸ் எடுக்க வேண்டும். என்னைப் போன்ற சின்ன பட்டறைக்குக் கட்டாயமில்லை, இருந்தாலும் எடுக்கிறேன். என்னிடம் கற்றுக்கொண்டு பெரிய கம்பெனிக்குப் போன ஒரு பையனை அங்கே ஒரு வருடம் அப்ரண்டிஸாக அசெம்பிளி லைனில் நட்டு முடுக்கவிட்டு, வருடம் முடிந்ததும் அனுப்பிவிட்டார்கள். அடுத்த நாள் அந்த இடத்தில் புது அப்ரண்டிஸ். அரசு எத்தனை பேரைச் சேர்த்தோம் என்று எண்ணுவதை விட்டுவிட்டு, எத்தனை பேர் அதே இடத்தில் வேலையில் தங்கினார்கள் என்று கேட்க வேண்டும்.

பழைய வாத்தியார்:
பட்டறை ஐயா சொன்ன பிரிப்பு யோசிக்கத்தக்கது. ஆனாலும் இயந்திரப் பிரிவை மூட நான் ஒப்பமாட்டேன். வாரத்தில் இரண்டு நாள் பிளஸ் 1, பிளஸ் 2 பிள்ளைகள் பக்கத்து ஐடிஐக்குப் போய்ச் செய்முறை பழகட்டும். பாடம் பள்ளியில், கைவேலை அங்கே. புது லேத் வாங்க வேண்டாம். முதலிடம் வாங்கும் பிள்ளையும் அந்த ஒர்க்‌ஷாப்பின் உள்ளே ஒருமுறையாவது போய்ப் பார்ப்பான். கரிசல்காரி கேட்டதில் கொஞ்சமாவது அதில் நடக்கும்.

ஃபிட்டர் பயிற்றுநர்:
கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஃபிட்டர் பிரிவில் ஒரு யூனிட்டுக்கு 20 பேர். அந்த 20 பேருக்குத்தான் வைஸ், அவர்களுக்குத்தான் இரும்பு, ஃபைல், ஹாக்சா பிளேடு கணக்கு. வெளிப் பிள்ளை உள்ளே வந்து கையை வெட்டிக்கொண்டால் பொறுப்பு என்னுடையதா, தலைமை ஆசிரியருடையதா? வருகைப் பதிவேடு யாரிடம்? இரண்டு துறைச் செயலாளர்களும் ஒரே ஆணையில் கையெழுத்துப் போட்டு, தேய்மானச் செலவுக்குத் தனித் தொகையும் ஒதுக்கினால் சனிக்கிழமை நான் திறந்துவிடத் தயார். ஆணை இல்லாமல் வாய்வார்த்தையில் கேட்டால் முடியாது. அந்த ஆணை வரும்வரை மூடுவதுதான் பிள்ளைகளுக்கு நல்லது என்றே நினைக்கிறேன், இரண்டு வருடமாவது மிச்சமாகும்.

கரிசல்காரி:
மூடுவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். அந்தச் சனிக்கிழமை ஒர்க்‌ஷாப்புக்கு மதிப்பெண் பார்க்காமல் முழு வகுப்பையும் கூப்பிடுங்கள், முதல் குரூப் உட்பட. மதிப்பெண் குறைந்தவர்களை மட்டும் பஸ் ஏற்றினால் எங்கள் ஊரில் இருந்து ஒரு பெற்றோர்கூடக் கையெழுத்துப் போடமாட்டார்கள். அதைப் பார்த்துக்கொள்ள நான் இருக்கிறேன்.