ஒன்டாரியோவில் வீட்டைப் பார்க்க ஆள் வருமுன்

கனடாவில் முதன்முறை வீட்டை விற்கப் போகிறவர்கள் பெயின்ட்டைப் பற்றித்தான் கேட்கிறார்கள். நான் முதலில் சொல்வது வாசனையை. நம் வீட்டுத் தாளிப்பு வாசம் நம் மூக்குக்குத் தெரியாது.

ஸ்கார்பரோவில் எங்கள் டவுன்ஹவுஸை விற்றபோது இரண்டு நாள் தேய்த்துக் கழுவினோம். அப்புறம் பக்கத்து வீட்டு அக்காவை வாசலில் நின்று மூச்சை இழுத்துப் பார்க்கச் சொன்னேன். “தம்பி, மீன் குழம்பு வாசம் இன்னும் இருக்கு” என்றார். தேடியதில் கண்டுபிடித்தது கோட் அலமாரி. குளிர்கால ஜாக்கெட் ஐந்தும் வருஷக்கணக்கில் சமையல் புகையைக் குடித்திருந்தன. அத்தனையையும் துவைத்தோம், திரைச்சீலைகளையும் சேர்த்து.

இங்கே குளிர்காலத்தில் ஜன்னல் திறப்பதில்லை. வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் அதே காற்றைத்தான் எல்லா அறைக்கும் சுற்றி அனுப்புகிறது. அதனால் ஃபர்னஸ் ஃபில்டரை மாற்றுங்கள். அடுப்புக்கு மேலுள்ள ஹூட் புகையை வெளியே தள்ளுகிறதா, வீட்டுக்குள்ளேயே விடுகிறதா என்றும் பாருங்கள். பல வீடுகளில் உள்ளேதான் விடுகிறது. அதன் உலோக வலையைக் கழற்றி, வெந்நீரில் பாத்திர சோப்புப் போட்டு ஊறவைத்தால் எண்ணெய்ப் பிசுக்கு விட்டுவிடும். ஸ்ப்ரே மட்டும் அடிக்காதீர்கள். எதையோ மறைக்கிறார்கள் என்ற சந்தேகம்தான் வரும்.

பேஸ்மென்ட்டில் வாடகைக்கு ஆள் இருந்தால், காட்டுவதற்கு 24 மணி நேரம் முன்பே எழுத்தில் அறிவிக்க வேண்டும். நேரமும் காலை 8 முதல் இரவு 8-க்குள் இருக்க வேண்டும். இது சட்டம். ஆனால் கடிதத்தை நீட்டுமுன் நேரில் போய்ப் பேசுங்கள். வீடு கைமாறினால் தன் கதி என்ன என்ற கவலை அவர்களுக்கு இருக்கும்.

சாமி படங்களை எடுக்கச் சொல்லி ஏஜென்ட் கேட்கலாம். நாங்கள் பெரிய படங்களைப் பட்டுத்துணியில் சுற்றி வைத்துவிட்டு, குத்துவிளக்கை மட்டும் விட்டுவைத்தோம். அதில் யாருக்கும் நீங்கள் கட்டுப்பட வேண்டியதில்லை.

வாசலில் மாட்டும் லாக்பாக்ஸ் என்ற சின்னப் பூட்டுப் பெட்டியில் சாவி இருப்பதால் நீங்கள் இல்லாதபோதுதான் ஆட்கள் வருவார்கள். நகை, பாஸ்போர்ட், மாத்திரை எல்லாவற்றையும் பூட்டிவிடுங்கள். டிசம்பர் என்றால் ஐந்து மணிக்கே இருட்டிவிடும். எல்லா விளக்கையும் போட்டுவிட்டு, படிக்கட்டுப் பனியைத் தள்ளி உப்புத் தூவிவிட்டுக் கிளம்புங்கள்.