அகல டயர், விறைப்பான சஸ்பென்ஷன், அப்புறம் அந்த இரைச்சல்: வடசென்னை அனுபவங்கள்

திருவொற்றியூரிலிருந்து

வண்டி வாங்கும்போது இருந்தது 185/65 ஆர்15 டயர் (அகலம் 185 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதில் 65 சதவீதம், வீல் 15 அங்குலம்). அதைக் கழற்றிவிட்டு 16 அங்குல அலாய் வீலில் 205/55 போட்டேன். கூடவே உயரம் குறைக்கும் ஸ்பிரிங், முன்சக்கரத்தைக் கீழிருந்து தாங்கும் லோயர் ஆர்மின் மூட்டுகளில் இருக்கும் புஷ் என்ற மெத்தைக்கு ரப்பருக்குப் பதில் பாலியூரித்தேன். வளைவுகளில் வண்டி இப்போது ரோட்டைக் கவ்விப் பிடிக்கிறது, அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் சத்தம்? எண்ணூர் விரைவுச்சாலையில் அறுபதைத் தாண்டும்போது பின்சீட்டிலிருந்து அம்மா போனில் பேசினால், எதிர்முனையில் "அங்கே மழையா?" என்று கேட்கிறார்கள்.

கவனித்துக் கேட்டால் அது ஒரு சத்தம் இல்லை, இரண்டு. முதலாவது வேகத்தோடு சேர்ந்து ஏறும் 'ஊ' என்ற இரைச்சல். புதிதாகத் தார் போட்ட துண்டுக்குள் நுழைந்ததும் சட்டென்று தணியும். ஜல்லி துருத்திய பழைய ரோடு வந்ததும் மறுபடி கிளம்பும். இது டயருடையது. இரண்டாவது வேகத்தைப் பற்றிக் கவலைப்படாது. டி.எச். ரோட்டில் நெரிசலில் ஊர்ந்துகொண்டிருந்தாலும் மேன்ஹோல் மூடி, ரோட்டு ஒட்டு என்று எது வந்தாலும் 'தட்' என்று ஸ்டீயரிங்கிலும் காலடியிலும் ஏறும். இது புஷ்ஷுடையது.

ரோட்டின் அதிர்வு பாடிக்கு வருமுன் அதைப் பாதியில் விழுங்கும் வேலை ரப்பர் புஷ்ஷுக்கு. பாலியூரித்தேன் கெட்டி. ஆர்ம் ஆடாது, அலைன்மென்ட் அசையாது, அதனால்தான் திருப்பம் கூர்மையாகிறது. விழுங்காத அதிர்வு, ஆர்ம் மாட்டியிருக்கும் சப்-ஃப்ரேம் என்ற இரும்புச் சட்டம் வழியாக நேரே உள்ளே வந்துவிடுகிறது. இன்னொரு தொல்லையும் உண்டு. ரப்பர் புஷ் தன் உடம்பையே முறுக்கிக்கொடுக்கும்; பாலியூரித்தேன் புஷ் நடுவில் இருக்கும் இரும்புக் குழாயின் மேல் வழுக்கித்தான் சுழல வேண்டும். கிரீஸ் காய்ந்தால் கிரீச். மழைக்காலத் தண்ணீரில் நாலு முறை இறங்கி ஏறினால் கிரீஸ் எங்கே நிற்கும்? சிலிக்கான் கிரீஸ்தான் போட வேண்டும் என்று என் மெக்கானிக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

கடைசியில் லோயர் ஆர்மின் பின்பக்க புஷ்ஷை மட்டும் ரப்பருக்கு மாற்றினோம், முன்பக்கத்தில் பாலியூரித்தேன் அப்படியே இருக்கிறது. 'தட்' பெரும்பாலும் போய்விட்டது. ஸ்டீயரிங்கின் கூர்மையில் குறைந்தது கொஞ்சம்தான். டயர் இரைச்சல் அப்படியே இருக்கிறது. உங்களில் யாராவது அதைச் சமாளித்திருந்தால் சொல்லுங்கள்.

மாதவரத்திலிருந்து

அண்ணா, நான் சஸ்பென்ஷனைத் தொடவில்லை, டயர் மட்டும்தான். உங்கள் அளவேதான். எனக்கு மூலக்கடை மேம்பாலத்தில் ஒவ்வொரு இணைப்பையும் தாண்டும்போது 'டொய்ங்' என்று காலிக் குடத்தைத் தட்டியதுபோல ஒரு சத்தம். அது டயருக்குள் இருக்கும் காற்று அதிர்வது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம்: உள்ளே காற்று சுற்றிவரும் வட்டம் சராசரியாக ஒன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் அதிகம், ஒலியின் வேகம் நொடிக்கு சுமார் 340 மீட்டர். வகுத்தால் 220 ஹெர்ட்ஸ் பக்கம் வரும். எந்த கார் டயரிலும் இது இருக்கும். பக்கச்சுவர் குட்டையாகி விறைத்ததால் எனக்கு இப்போது நன்றாகக் கேட்கிறது, அவ்வளவுதான். இதை அடக்க உள்ளே ஸ்பாஞ்ச் ஒட்டிய டயர்கள் விற்கிறார்கள். விலையும் அதிகம், பஞ்சர் போடுபவர் முகமும் கோணும்.

அகலம் கூடினால் சத்தம் கூடும் என்பதை விதிகளே ஒத்துக்கொள்கின்றன. ஐ.நா.வின் ஆர்117 விதியில், டயர் உருளும் சத்தத்துக்கு 185 மி.மீ. அகலம் வரை வரம்பு 70 டெசிபல். அதற்கு மேல் 245 வரை 71. ஒரு விஷயம்: அந்த டெசிபல் ரோட்டோரத்தில் மைக் வைத்து அளந்தது. வண்டிக்குள் உங்கள் காதுக்கு எவ்வளவு வரும் என்று அது சொல்லாது. லேபிளை மட்டும் பார்த்து டயர் வாங்காதீர்கள்.

அப்புறம் அண்ணா, இந்த அளவில் வெளிவிட்டம் ஏறத்தாழ 1.7 சதவீதம் கூடுகிறது. மீட்டரில் 80 காட்டினால், டயர் கணக்குப்படி 81-க்கு மேல் போகிறீர்கள். 195/55 ஆர்16 என்றால் விட்டம் பழையதோடு அநேகமாக ஒத்துப்போகும், சத்தமும் கொஞ்சம் குறையும். அடுத்த செட் எனக்கு அதுதான்.

வியாசர்பாடியில் டயர் கடை வைத்திருப்பவர்

இரண்டு தம்பிகளும் சொன்னது சரி. கடையில் நான் அதிகம் பார்ப்பது வேறு. புது டயர் போட்டபோது அமைதி, சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் இரைச்சல் என்று வருவார்கள். அப்படி வந்தால் முதலில் டயர் மேல் உள்ளங்கையை வைத்து குறுக்காக ஒருதரம் உள்பக்கமாக, ஒருதரம் வெளிப்பக்கமாகத் தடவிப் பார்ப்பேன். ஒரு திசையில் வழுக்கி, எதிர்த்திசையில் ரம்பம் போலக் கீறினால் டோ, அதாவது சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் கோணம், சரியில்லை என்று அர்த்தம். ஸ்பிரிங் மாற்றி வண்டியை இறக்கினால் டோவும் கேம்பரும் (சக்கரம் மேலே உள்ளேயோ வெளியேயோ சாயும் கோணம்) தானாக மாறும். ஸ்பிரிங் மாட்டிய கையோடு அலைன்மென்ட் பார்க்காமல் விட்டால் டயர் இப்படித்தான் தேயும். ரம்பமான டயரின் சத்தம் அலைன்மென்ட் செய்ததும் போய்விடாது. ஓடி ஓடித் தேய்ந்துதான் குறையும், பாதி கேஸில் அதுவும் நடக்காது.

அதிலும் நம் பக்கம் கன்டெய்னர் டிரெய்லர்கள் ஓடி ஓடி ரோடு பள்ளமும் மேடுமாகக் கிடக்கிறது. ஒரு பெரிய குழியில் விழுந்தாலே அலைன்மென்ட் போய்விடும். எட்டாயிரம், பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை டயரை முன்பின் மாற்றிப் போடுங்கள். காத்து விஷயத்தில், அகல டயர் என்று சொல்லிக் கண்டபடி ஏற்ற வேண்டாம். கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவு பழைய டயருக்கானது. புது டயரின் லோடு இண்டெக்ஸ் (எவ்வளவு பாரம் தாங்கும் என்று காட்டும் எண்) பார்த்து, போடுகிற கடையிலேயே அளவு கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அதிகக் காத்து என்றால் அதிக அதிர்வு.

கொளத்தூரிலிருந்து

டயரைக் குறை சொல்லுமுன் வீல் பேரிங்கையும் பார்த்துவிடுங்கள். ரெட்டேரி பக்கத்து மெக்கானிக் ஒருவர் என் வண்டியில் காட்டியது: காலி ரோட்டில் ஒரே வேகத்தில் ஓட்டி ஸ்டீயரிங்கை லேசாக இடமும் வலமும் ஆட்டினார். வலப்பக்கம் திரும்பும்போது முனகல் கூடியது. அப்போது பாரம் இடப்பக்கச் சக்கரத்தில் விழும், எனவே இடது பேரிங் போயிருக்கிறது என்றார். கழற்றிப் பார்த்தால் அதுவேதான். ரோடு மாறினாலும் அந்த முனகல் மாறவே இல்லை.

பெரம்பூரிலிருந்து

கதவிலும் தரையிலும் டேம்பிங் ஷீட் ஒட்டினால் இதெல்லாம் அடங்குமா? ஜி.பி. ரோட்டில் ஒரு கடையில் முழு வண்டிக்கும் ஒட்டித் தருகிறோம் என்கிறார்கள்.

திருவொற்றியூரிலிருந்து

முழு வண்டிக்கு வேண்டாம் என்பேன். ஷீட் செய்வது தகடு அதிர்வதைக் கட்டுப்படுத்துவது. கதவில் ஒட்டினால் ஸ்பீக்கர் நன்றாகக் கேட்கும், கதவு சாத்தும் சத்தம் கனமாகும். புஷ் வழியாக வரும் 'தட்'டை அது ஒன்றும் செய்யாது. டயர் இரைச்சலுக்கென்றால் சக்கர வளைவின் உள்பக்கமும் பின்சீட்டுக்கு அடியிலும் மட்டும் ஒட்டச் சொல்லுங்கள், ஹேட்ச்பேக்கில் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது. ஒட்டுமுன் உள்ளே துரு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். எண்ணூர், காசிமேடு உப்புக்காற்றில் நிற்கும் வண்டி என்றால் கட்டாயம்.