கண் ரிப்போர்ட்டில் இருந்த சொல்: உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள்

இழையைத் தொடங்கியவர்

கண் மருத்துவமனையில் நோயாளிகளுக்குச் சிகிச்சையை விளக்கிச் சொல்வது என் வேலை. மருத்துவர் சில நிமிடங்களில் சொல்லி முடித்ததை வெளியே உட்கார்ந்து நிதானமாகப் புரியவைக்க வேண்டியிருக்கும். கேள்வியே பட்டிராத நோய்ப் பெயரைக் கண்டால் மக்கள் பயந்துபோய் நாலு கேள்வி கேட்பார்கள், அது நல்லதுதான். தெரிந்த சொல்போல் ஒலிக்கிற பெயர்தான் ஆபத்து. கண்ணில் பிரஷர் என்றால் ரத்த அழுத்தம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பார்வை நரம்பு தேயும் நோயான கிளாக்கோமா என்றால் ‘புரைதானே, முற்றட்டும், அப்புறம் எடுத்துக்கலாம்’ என்று போய்விடுகிறார்கள். புரையில் மங்கிய பார்வை அறுவைக்குப் பிறகு பெரும்பாலும் திரும்பக் கிடைக்கும். கிளாக்கோமாவில் போனது போனதுதான்.

உங்களுக்கோ வீட்டில் உள்ளவர்களுக்கோ எந்தச் சொல் வந்தது, என்ன புரிந்துகொண்டீர்கள், பிறகு என்ன நடந்தது என்று எழுதுங்கள். மருத்துவமனை, மருத்துவர் பெயர்கள் வேண்டாம்.

மைனஸ் பவர்க்காரர்

எனக்கு வந்த சொல் ‘டிடாச்மென்ட்’. இரண்டு முறை வந்தது, இரண்டும் வேறு வேறு.

சின்ன வயதிலிருந்தே கிட்டப்பார்வை, பவர் அதிகம். ஒருநாள் இடது கண்ணில் திடீரென்று கொசு பறப்பதுபோல் கரும்புள்ளிகள். கண்ணை அசைத்தால் அவையும் சேர்ந்து அசைந்தன. இருட்டில் ஓரத்தில் மின்னல் வெட்டியது. கண் பாப்பா விரிய மருந்து விட்டுப் பார்த்த மருத்துவர், ‘போஸ்டீரியர் விட்ரியஸ் டிடாச்மென்ட், விழித்திரை நன்றாக இருக்கிறது’ என்றார். கண்ணின் உள்ளே நிரம்பியிருக்கும் விட்ரியஸ் ஜெல் வயதாக ஆக நீர்த்துச் சுருங்கி விழித்திரையை விட்டு விலகுமாம். ஐம்பது, அறுபது வயதுக்கு மேல் பலருக்கும் நடப்பது. கிட்டப்பார்வை உள்ளவர்களுக்குச் சீக்கிரமே வந்துவிடும். விலகும்போது ஜெல் விழித்திரையைப் பிடித்து இழுப்பதைத்தான் மூளை ஒளியாக எடுத்துக்கொள்கிறது. இதற்குச் சிகிச்சை தேவையில்லை.

ஆனால் அவர் இன்னொன்றையும் தாளில் எழுதிக் கொடுத்தார்: புள்ளிகள் திடீரென்று கொத்தாகக் கூடினால், மின்னல் அதிகமானால், பார்வையின் ஒரு ஓரத்தில் திரை விழுந்தால் அன்றைக்கே வர வேண்டும். இழுபடும் இடத்தில் விழித்திரை கிழிந்தால் நீர் அந்தக் கிழிசல் வழியே புகுந்து விழித்திரையையே சுவரிலிருந்து பெயர்த்துவிடும். அதுதான் ‘ரெட்டினல் டிடாச்மென்ட்’.

சில வாரங்களில் அப்படியே நடந்தது. புகைபோலப் புள்ளிகள் கொட்டின, மூக்குப் பக்கமிருந்து ஒரு கருப்பு நிழல் ஏறியது. வலி துளியும் இல்லை. வலி இல்லாததால் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். அந்தத் தாளைக் காட்டி அன்று இரவே போனேன். ‘மேக்குலா ஆன்’ என்று எழுதினார்கள். விழித்திரையின் நடுவில் படிக்கவும் முகம் பார்க்கவும் உதவுகிற மேக்குலா இன்னும் பெயரவில்லை என்று அர்த்தம். அது பெயர்வதற்கு முன்னால் சரிசெய்தால் நடுப்பார்வை மிஞ்ச நல்ல வாய்ப்பு. பெயர்ந்த பிறகு ஒட்டினாலும் பழைய கூர்மை பலருக்கு வருவதில்லை.

எனக்குச் செய்தது விட்ரெக்டமி. ஜெல்லை எடுத்துவிட்டு, கிழிசலைச் சுற்றி லேசர் வைத்து, உள்ளே வாயுக் குமிழியை நிரப்பினார்கள். குமிழி மேல்நோக்கி ஏறி விழித்திரையை அழுத்திப் பிடிக்க வேண்டும் என்பதால் சொன்ன கோணத்திலேயே தலையை வைத்திருக்கச் சொன்னார்கள். கழுத்தும் முதுகும் பட்ட பாடு அறுவையைவிடக் கொடுமை. வாயு கரையும்வரை விமானத்தில் ஏறவே கூடாது. உயரத்தில் வாயு விரிந்து கண்ணின் அழுத்தம் எகிறிவிடும். இன்று அந்தக் கண்ணால்தான் இதைப் படித்துச் சரிபார்க்கிறேன்.

புதிய உறுப்பினர்

எனக்கும் வருஷக்கணக்கா ரெண்டு மூணு கொசு பறக்குதுங்க. உடனே ஓடணுமா?

ஆப்டோமெட்ரிஸ்ட்

நீண்ட நாளாக அதே இரண்டு மூன்று புள்ளிகள், மின்னலோ நிழலோ இல்லை என்றால் பதற வேண்டாம். ஆனால் ஒரு முறையாவது பாப்பாவை விரித்து விழித்திரையைப் பார்த்துக்கொள்ளுங்கள். விரித்த பிறகு சில மணி நேரம் கிட்டத்தில் மங்கும், வெளிச்சம் கூசும். நீங்களே வண்டி ஓட்டிப் போகாதீர்கள்.

மேலே எழுதியவர் அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருந்ததைப் படித்தபோது மனம் நிறைந்துவிட்டது. ‘டிடாச்மென்ட்தான், ஒண்ணும் இல்லைன்னு முன்னாடியே சொல்லிட்டாங்க’ என்று வீட்டிலேயே இருந்துவிட்டு, நடுப்பார்வையும் போன பிறகு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டு தம்பிகளுக்கு அக்கா

எங்கள் வீட்டில் வந்தது ‘பிரஷர்’. இழையைத் தொடங்கியவர் சொன்னது அச்சாக என் பெரிய தம்பியின் கதை. கண்ணாடி மாற்றப் போன இடத்தில் ‘கண்ணில் பிரஷர் இருக்கு, காட்டுங்க’ என்றார்கள். அவன் ரத்த அழுத்தத்தைப் பரிசோதித்தான், சரியாக இருந்தது, அதோடு விட்டுவிட்டான். பார்வையில் ஒரு குறையும் தெரியவில்லை அவனுக்கு. கிளாக்கோமாவின் கொடூரமே அதுதான். பெரும்பாலும் ஓரப்பார்வைதான் முதலில் தேய்கிறது, அதையும் மற்றக் கண் ஈடுகட்டிவிடுகிறது. கதவு நிலையில் அடிக்கடி தோள் இடிக்க ஆரம்பித்த பிறகுதான் மறுபடி போனான். அதற்குள் ஒரு கண்ணில் பார்வை நரம்பு பாதிக்கு மேல் சேதமாகியிருந்தது.

அங்கேதான் எனக்கு முழுதாக விளங்கியது. கண்ணின் முன்பகுதியில் அக்குவஸ் என்ற நீர் ஓயாமல் சுரந்து, பாப்பா வழியாக வந்து, கருவிழியும் (கண்ணின் முன்னால் இருக்கும் நிறமற்ற படலம்) ஐரிஸும் (பாப்பாவைச் சுற்றியுள்ள நிறப் பகுதி) சேரும் மூலையில் இருக்கும் சல்லடை போன்ற திசு வழியே வடிகிறது. வடிகால் மந்தமானால் அழுத்தம் ஏறும். 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரசம் வரை இயல்பு என்கிறார்கள். அந்த எண்ணை மட்டும் நம்பவும் கூடாதாம். அழுத்தம் இயல்பாக இருந்தும் நரம்பு தேய்கிறவர்கள் உண்டு. கருவிழியின் தடிமன் கூடக் குறைய இருந்தால் அளவும் ஏமாற்றும். அதனால் பார்வைப் புலச் சோதனை, நரம்பின் ஓ.சி.டி. ஸ்கேன், மூலையைப் பார்க்கும் கோனியோஸ்கோப்பி என எல்லாம் எடுத்தார்கள்.

உடன்பிறந்தவர்களுக்கும் வர வாய்ப்பு அதிகம் என்று மருத்துவர் சொன்னதும் சின்னத் தம்பியைக் கையோடு இழுத்துப் போனேன். ‘நல்லாத்தானே தெரியுது’ என்று சண்டை போட்டுக்கொண்டே வந்தான். அவனுக்கும் ஆரம்ப நிலையில் இருந்தது. தினமும் சொட்டு மருந்து விடுகிறான். பார்வை இழப்பு ஏதுமில்லை. பெரியவனுக்கு மிஞ்சியதைக் காப்பாற்றத்தான் மருந்து, போனதைத் தராது. இதை எழுதும்போதும் எனக்குக் கை நடுங்குகிறது. உங்கள் வீட்டில் ஒருவருக்கு இருந்தால் மற்றவர்களைத் தயவுசெய்து கூட்டிப் போங்கள்.

சொட்டு விடுவது பற்றியும் ஒன்று. விட்டவுடன் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய கண் மூலையை விரலால் லேசாக அழுத்திக்கொள்ளச் சொன்னார்கள், மருந்து தொண்டைக்கு இறங்காமல் இருக்க. இரண்டு மருந்து என்றால் நடுவில் ஐந்து நிமிடமாவது இடைவெளி. ஆஸ்துமா இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். டிமோலால் போன்ற சொட்டுகள் மூச்சுத்திணறலைக் கூட்டும்.

அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் மகள்

அக்கா, வலியே இல்லாத வகையை நீங்கள் எழுதினீர்கள். என் அம்மாவுக்கு வந்தது நேர்மாறு. இரவில் தாங்க முடியாத தலைவலி, வாந்தி, ஒரு கண் சிவந்து, விளக்கைச் சுற்றி வானவில் வளையம். முதலில் பார்த்த இடத்தில் ஒற்றைத் தலைவலிக்கும் வாந்திக்கும் மருந்து கொடுத்து அனுப்பினார்கள். கண் சிவப்பும் வளையமும் எனக்கு உறுத்தியது, கண் மருத்துவரிடம் போனோம். ‘ஆங்கிள் குளோஷர்’. அந்த வடிகால் மூலையே அடைத்துவிட்டது. அழுத்தத்தை இறக்க உடனே மருந்து, பிறகு ஐரிஸில் லேசரால் ஒரு சிறு துளை. மறு கண்ணுக்கும் அதே ஆபத்து இருந்ததால் அதிலும் போட்டார்கள். பார்வை தப்பியது. தலைவலி, வாந்தியோடு ஒரு கண் சிவந்து மங்கலும் சேர்ந்தால் கண்ணைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர்

புரை அறுவை முடிந்து நன்றாகப் படித்துக்கொண்டிருந்தேன். பிறகு மெல்ல மங்கியது. ‘புரை திரும்ப வந்துடுச்சு’ என்று உறவினர்கள் பேச ஆரம்பித்தார்கள். எடுத்த புரை திரும்ப வராது. செயற்கை லென்ஸைத் தாங்குவதற்காக விட்டுவைத்த உறையின் பின்பக்கம் மங்குகிறது, அவ்வளவுதான். யாக் லேசரால் அதன் நடுவில் சிறு திறப்பு வைத்தார்கள், உட்கார்ந்த இடத்திலேயே சில நிமிடங்களில் முடிந்தது.

அந்த லென்ஸின் வரலாறு எனக்கு மிகவும் பிடித்தது. இரண்டாம் உலகப் போரில் விமானத்தின் கூரைக் கண்ணாடியாக இருந்த அக்ரிலிக் பிளாஸ்டிக் உடைந்து விமானிகளின் கண்ணில் தைத்தபோது, கண் அதை எதிர்த்துப் புண்ணாகாமல் ஏற்றுக்கொண்டதைக் கவனித்தவர் கண் மருத்துவர் ஹரோல்ட் ரிட்லி. அதே வகைப் பொருளில் லென்ஸ் செய்து 1949-இல் லண்டனில் முதன்முதலாக ஒரு நோயாளியின் கண்ணுக்குள் வைத்தார். மற்ற மருத்துவர்கள் பலர் நெடுங்காலம் அவரை எதிர்த்தார்கள். அந்த மனிதருக்கு நான் மனதார நன்றி சொல்கிறேன்.

கல்லூரி மாணவி

எனக்கு கெரட்டோகோனஸ். கருவிழி மெலிந்து கூம்பாகத் துருத்தும் நோய். கண்ணாடியின் சிலிண்டர் பவர் ஒவ்வொரு முறையும் ஏறிக்கொண்டே போனதில்தான் சந்தேகம் வந்து, கருவிழியின் வளைவை அளக்கும் டோப்போகிராபி எடுத்தார்கள். ‘பின்னால கருவிழி மாற்ற வேண்டி வரலாம்’ என்று காதில் விழுந்ததும் கண்ணையே எடுத்து மாற்றுவார்கள் என்று அப்பா நினைத்து உடைந்துபோனார். முழுக் கண்ணை மாற்றிப் பார்வை கொடுப்பது இன்றுவரை இல்லை. முன்னால் இருக்கும், நடுவில் அரை மில்லிமீட்டர் அளவே தடிமன் கொண்ட, நிறமற்ற அந்தப் படலத்தை மட்டும் மாற்றுவதுதான் கருவிழி மாற்று. அதில் ரத்தக்குழாய்களே இல்லாததால் உடல் அதை நிராகரிப்பதும் மற்ற உறுப்புகளைவிடக் குறைவு. எட்வர்ட் சிர்ம் என்ற கண் மருத்துவர் 1905-லேயே இதை வெற்றியாகச் செய்துவிட்டாராம்.

எனக்கு இன்னும் அந்தக் கட்டம் வரவில்லை. ரிபோஃபிளேவின் சொட்டும் புற ஊதாக் கதிரும் கொண்டு கருவிழியை உறுதியாக்கும் ‘கிராஸ்லிங்கிங்’ செய்தார்கள். வளைந்ததை நிமிர்த்துவதற்கு அல்ல, மேலும் வளையாமல் நிறுத்துவதற்கு. பார்வைக்குக் கடினமான கான்டாக்ட் லென்ஸ் போடுகிறேன். அரிப்பெடுக்கும் கண்ணைக் கசக்கும் பழக்கம் உள்ளவர்களே, கசக்காதீர்கள்!

ஆப்டோமெட்ரிஸ்ட்

தங்கைக்கு ஒரு எச்சரிக்கை, மற்றவர்களுக்கும்தான். அரிப்புக்கென்று ஸ்டீராய்டு சொட்டை மருத்துவர் கண்காணிப்பு இல்லாமல் மாதக்கணக்கில் விடாதீர்கள். சுகமாக இருக்கும், ஆனால் சிலருக்கு அழுத்தத்தை ஏற்றி கிளாக்கோமாவைக் கொண்டுவரும், புரையையும் வரவழைக்கும்.

தாளில் ‘ஓ.டி.’ என்றால் வலது கண், ‘ஓ.எஸ்.’ என்றால் இடது கண், ‘ஓ.யு.’ இரண்டும். சொட்டு விடும் முன் பாருங்கள்.

புதிய உறுப்பினர்

போய்ப் பாத்துட்டு வந்துட்டேங்க. விழித்திரை நல்லா இருக்காம். ஆனா ‘கப்–டிஸ்க் ரேஷியோ 0.6’னு எழுதியிருக்காங்க. அக்கா எழுதினதைப் படிச்சதால பயமா இருக்கு.

ஆப்டோமெட்ரிஸ்ட்

பார்வை நரம்பு கண்ணுக்குள் நுழையும் வட்டம் டிஸ்க். அதன் நடுவில் உள்ள குழி கப். நரம்பிழைகள் தேயும்போது குழி பெரிதாகும். 0.6 என்பது சந்தேகப்பட வேண்டிய அளவு, ஆனால் அதை மட்டும் வைத்து கிளாக்கோமா என்று சொல்ல முடியாது. பிறவியிலேயே டிஸ்க் பெரிதாக உள்ளவர்களுக்குக் குழியும் பெரிதாகவே இருக்கும். இரண்டு கண்ணுக்கும் எண் ஒன்றா, அழுத்தம் எவ்வளவு, கருவிழித் தடிமன் எவ்வளவு என்று கேட்டு எழுதி வாங்குங்கள். பார்வைப் புலச் சோதனையும் ஓ.சி.டி.யும் எப்போது எடுக்கலாம் என்று கேளுங்கள். அந்த ரிப்போர்ட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். அடுத்த முறை எடுப்பதோடு ஒப்பிட்டால்தான் தேய்கிறதா, அப்படியே இருக்கிறதா என்று தெரியும். வீட்டில் யாருக்காவது கிளாக்கோமா உண்டா என்பதையும் விசாரித்துச் சொல்லுங்கள்.