கடையில் ஓடும் கணினி வீட்டில் காலையில் மட்டும் கிளம்ப மறுக்கிறது – உதவி தேவை

கேட்டவர்:
வணக்கம். எங்கள் வீட்டு மேசைக் கணினி கடந்த மூன்று வாரங்களாக ஒழுங்காகத் தொடங்குவதில்லை. 2012இல் உதிரிபாகங்களாக வாங்கிச் சேர்த்தது: எச்61 மதர்போர்டு, இரண்டாம் தலைமுறை ஐ3 பிராசஸர், 4 ஜிபி டிடிஆர்3 ரேம். 2019இல் பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு 240 ஜிபி எஸ்எஸ்டி பொருத்தி விண்டோஸ் 10 போட்டுத் தந்தார்கள். அதன்பின் இதுவரை ஒரு குறையும் வைக்கவில்லை.

இப்போது காலையில் பவர் பொத்தானை அழுத்தினால் மின்விசிறி இரண்டு நொடி சுழன்று நின்றுவிடுகிறது. பிறகு தானாகவே மீண்டும் சுழல்கிறது. இரண்டு மூன்று முறை இப்படி ஆனபின், கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் சில வரிகள் தோன்றி எஃப்1 விசையை அழுத்தச் சொல்கிறது. அழுத்தினால் விண்டோஸ் சின்னம் வந்து, புள்ளிகள் சுற்றி, சோகமுகம் போட்ட நீலத்திரையில் போய் முடிகிறது. அதற்குப் பிறகு தானாகவே பழுது பார்ப்பதாகச் சொல்லி, முடியவில்லை என்று கைவிரித்துவிடுகிறது.

கடைக்குக் கொண்டுசென்றேன். அங்கே சரிசெய்து இரண்டு நாள் ஓட்டிப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று திருப்பித் தந்தார்கள். வீட்டுக்கு வந்த அன்று மாலையும் ஓடியது. மறுநாள் காலை பழைய கதைதான். இரண்டாம் முறையும் இதேதான் நடந்தது. நேற்றுத் தொலைபேசியில் கேட்டபோது எஸ்எஸ்டி போய்விட்டது, புதிது வாங்கித்தான் ஆகவேண்டும் என்கிறார்கள். மகளின் கல்லூரிக் கோப்புகள் முழுவதும் அதில் இருப்பதால் தயங்குகிறேன்.

மறுமொழி 1:
மின்விசிறி சுழன்று நிற்பது பெரும்பாலும் எஸ்எம்பிஎஸ், அதாவது கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி, பழுதானதன் அறிகுறி. பத்தாண்டுக்கு மேல் ஓடியதென்றால் உள்ளே கெப்பாசிட்டர்கள் உப்பியிருக்கும். குளிர்ந்திருக்கும் காலை நேரத்தில் கிளம்பத் திணறும். வேறொரு எஸ்எம்பிஎஸ்ஸை இரவல் வாங்கிப் பொருத்திப் பாருங்கள். பழையதைத் திறந்து பார்க்க மட்டும் ஆசைப்படாதீர்கள். மின்இணைப்பைத் துண்டித்த பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கக்கூடும்.

மறுமொழி 2:
முதலில் காசு செலவில்லாத வழியைப் பாருங்கள். ரேமைக் கழற்றி, அதன் தங்கநிறக் காண்டாக்ட்டுகளைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூள் உதிரத் துடைத்துவிட்டு, இருபுறக் கொக்கியும் டக்கென்று விழும்வரை அழுத்திப் பொருத்துங்கள். இங்கே கடற்கரை ஊரில் என் கணினிக்கு ஆண்டுக்கு ஒருமுறை இந்த வைத்தியம் செய்கிறேன்.

கேட்டவர்:
ரேமைத் தேய்த்துப் பொருத்தினேன், மாற்றமில்லை. பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கிய எஸ்எம்பிஎஸ்ஸிலும் இன்று காலை அதேபோலத்தான் மூன்று முறை சுழன்று நின்றது.

மறுமொழி 3:
சகோதரி, மேற்கொண்டு எதையும் வாங்குவதற்கு முன் மூன்று விவரங்கள் வேண்டும். கறுப்புத் திரையில் வரும் வரிகள் சரியாக என்ன? அப்போது டெலிட் விசையை அழுத்தி பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன்பே வரும் மதர்போர்டின் அமைப்புத் திரை) போனால் தேதி என்னவென்று காட்டுகிறது? வீட்டில் இரவில் சுவரிலுள்ள சுவிட்சையும் அணைத்துவிடுகிறீர்களா, கணினியை மட்டும் ஷட்டவுன் செய்கிறீர்களா? மூன்றாவது கேள்வி அற்பமாகத் தோன்றலாம். கடைக்கும் உங்கள் வீட்டுக்கும் உள்ள வேறுபாடு அதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

கேட்டவர்:
வரிகளைத் தாளில் எழுதி வைத்தேன். முதல் வரி ‘சிமாஸ் செக்சம் பேட்’ என்றும், அடுத்தது ‘டேட் அண்ட் டைம் நாட் செட்’ என்றும் தொடங்குகின்றன. பயாஸில் தேதி 2012 ஜனவரி 1 என்று இருக்கிறது.

சுவிட்சைப் பற்றிக் கேட்டதும் எனக்கே ஒன்று உறைத்தது. என் மாமனார் இரவு படுக்கப் போகுமுன் வீட்டிலுள்ள எல்லா பிளக் சுவிட்சுகளையும் அணைத்துவிட்டுத்தான் படுப்பார். ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் ஊரில் இடி மின்னல் அதிகம் என்பதால் வந்த பழக்கம். இப்போது ஆண்டு முழுவதும் தொடர்கிறது. முதல் முறை கடையிலிருந்து வந்தபோது அவர் ஒருநாள் வெளியூர் போயிருந்தார். மறுநாள் காலையிலேயே தகராறு செய்தது என்று எழுதியிருந்தேன்; நாட்காட்டியைப் பார்த்துச் சொல்கிறேன், அவர் திரும்பி வந்ததற்கு மறுநாள் காலை என்பதே சரி.

மறுமொழி 3:
இனிச் சந்தேகமில்லை. மதர்போர்டு சேமித்து வைத்த அமைப்புகளும் தேதியும் அழிந்துவிட்டன என்பதே அந்த வரிகளின் பொருள். மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வட்டமான பேட்டரி ஒன்று இருக்கும், அதுதான் தீர்ந்திருக்கிறது.

கணினியை ஷட்டவுன் செய்தாலும், சுவரில் சுவிட்ச் போட்டிருக்கும்வரை எஸ்எம்பிஎஸ் 5 வோல்ட் மின்சாரத்தை மதர்போர்டுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். கடிகாரமும் பயாஸ் அமைப்புகளும் அதிலேயே பிழைத்துக்கொள்ளும். பேட்டரிக்கு வேலையே இல்லை. சுவிட்சை அணைத்த நொடியிலிருந்து விடியும்வரை அந்தச் சிறு பேட்டரி தனியாகச் சுமக்க வேண்டும். கடையில் இரவும் சுவிட்சை அணைக்காமல் வைத்திருப்பார்கள், அதனால் அங்கே எத்தனை நாள் ஓட்டினாலும் குறை வெளிப்படாது. கடையிலிருந்து வீட்டுக்கு வரும் அரைமணி நேரத்தைத் தளர்ந்த பேட்டரியும் தாங்கிவிடும். ஒரு முழு இரவைத் தாங்காது.

அமைப்புகள் அழிந்துபோனால் மதர்போர்டு ரேமைப் புதிதாக அளந்து பார்ப்பதற்காகத் தன்னைத்தானே இரண்டு மூன்று முறை அணைத்து எழுப்பும். நீங்கள் பார்த்த மின்விசிறி விளையாட்டு அதுதான்; எஸ்எம்பிஎஸ் மேல் குற்றமில்லை.

வாங்க வேண்டியது சி.ஆர். 2032. எண்ணிலேயே அளவு இருக்கிறது: விட்டம் 20 மில்லிமீட்டர், கனம் 3.2 மில்லிமீட்டர். 2025 என்று ஒன்றைக் கொடுத்தால் வாங்காதீர்கள், மெலிதாக இருப்பதால் பிடிப்பு கிடைக்காது. பிளக்கைச் சுவரிலிருந்து உருவி, பவர் பொத்தானை ஒருமுறை அழுத்தி மிச்ச மின்சாரத்தை வெளியேற்றிய பின், பேட்டரியின் ஓரத்திலுள்ள சிறு கம்பியைத் தள்ளினால் அது தானாக எழும்பும். புதியதைப் பிளஸ் குறி மேலே தெரியும்படி வையுங்கள். மல்டிமீட்டர் கிடைத்தால் பழையதை அளந்து பாருங்கள். புதியது 3 வோல்ட்டுக்குக் குறையாது.

மறுமொழி 1:
என் ஊகம் தவறு, ஒப்புக்கொள்கிறேன். தேதியைக் கேட்காமல் எஸ்எம்பிஎஸ்ஸுக்குப் போயிருக்கக் கூடாது.

மறுமொழி 4:
இதே பேட்டரி என் தாயார் வீட்டில் வேறு வேஷத்தில் வந்தது. கணினி நன்றாகக் கிளம்பும், விண்டோஸ் வரும், ஆனால் வங்கித் தளம் முதல் மின்னஞ்சல் வரை எதுவும் திறக்காது. தேதி பல ஆண்டுகள் பின்னால் போயிருந்ததால், தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் இன்னும் நடைமுறைக்கே வரவில்லை என்று உலாவி எண்ணிக்கொண்டது. இணைய இணைப்பை மூன்று நாள் நோண்டிய பிறகுதான் மூலையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். விண்டோஸ் தானாகச் சரிசெய்துகொள்ளாதா என்று கேட்கலாம். வீட்டுக் கணினிகளில் வேறுபாடு 15 மணிநேரத்துக்கு மேல் போனால் பொதுவாக அது தானே திருத்துவதில்லை.

கேட்டவர்:
கடிகாரக் கடையில் 40 ரூபாய்க்குப் பேட்டரி கிடைத்தது. அங்கேயே பழையதை அளந்து பார்த்தார்கள், 2.2 வோல்ட் காட்டியது. புதியதைப் போட்டுத் தேதியைச் சரிசெய்துவிட்டேன். மின்விசிறியும் இப்போது நின்று நின்று சுழல்வதில்லை, கறுப்புத் திரையும் வரவில்லை. ஆனால் நீலத்திரை அப்படியே இருக்கிறது. அடியில் ‘இன்ஆக்சஸிபிள் பூட் டிவைஸ்’ என்று எழுதியிருக்கிறது. அப்படியானால் எஸ்எஸ்டி உண்மையிலேயே போய்விட்டதா?

மறுமொழி 3:
இல்லை, பதறாதீர்கள். பேட்டரி தீர்ந்தபோது தேதியோடு சேர்ந்து இன்னொன்றும் தொலைந்திருக்கிறது. அந்தக் காலத்து மதர்போர்டுகள் பலவற்றில் வட்டை இணைக்கும் சாட்டா இணைப்பு ஆலையிலிருந்து வரும்போது ஐடிஇ என்ற பழைய முறையில் வைக்கப்பட்டிருக்கும். 2019இல் எஸ்எஸ்டி போட்டவர் அதை ஏஎச்சிஐ என்ற புதிய முறைக்கு மாற்றிவிட்டு விண்டோஸ் நிறுவியிருப்பார், அதுதான் முறையும்கூட. அமைப்புகள் அழிந்ததும் போர்டு பழைய ஐடிஇக்குத் திரும்பிவிட்டது. பூட்டை மாற்றிவிட்டுப் பழைய சாவியால் திறந்து பார்க்கும் நிலைமைதான் விண்டோஸுக்கு. தன் வட்டையே அதனால் எட்ட முடியவில்லை. கடையில் ஒவ்வொரு முறையும் இந்த ஒன்றை மாற்றித்தான் ஓட வைத்திருக்க வேண்டும்.

டெலிட் விசையை அழுத்தி பயாஸுக்குள் போய், சாட்டா மோட் என்ற வரியைத் தேடுங்கள். ஐடிஇ என்று இருந்தால் ஏஎச்சிஐ என்று மாற்றி, எஃப்10 அழுத்திச் சேமித்து வெளியேறுங்கள். பூட் வரிசையில் எஸ்எஸ்டி முதலில் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். ரெய்ட் என்று ஒரு தேர்வு தெரிந்தால் அதைத் தொட வேண்டாம், அது பல வட்டுகளைச் சேர்த்து இயக்குவதற்கானது. விண்டோஸை மீண்டும் நிறுவலாம் என்று யார் சொன்னாலும் இப்போதைக்குக் கேட்காதீர்கள்.

கேட்டவர்:
ஐயா, வந்துவிட்டது! ஐடிஇ என்றுதான் இருந்தது. மாற்றிச் சேமித்ததும் ஒரு நிமிடத்துக்குள் மகளின் கோப்புகள் அத்தனையும் கண்ணெதிரே நின்றன. முதல் வேலையாக அவற்றை ஒரு பென் டிரைவில் நகலெடுத்துக்கொண்டேன்.

மறுமொழி 2:
பயாஸில் இப்போதிருக்கும் பக்கங்களைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்; அடுத்த பேட்டரி மாற்றும்போது தேடவேண்டியிருக்காது. கழற்றிய பேட்டரியை மேசையில் போட்டு வைக்காமல் இருபுறமும் டேப் ஒட்டி அப்புறப்படுத்துங்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் இதில் அலட்சியம் கூடாது. விழுங்கிவிட்டால் சில மணிநேரத்துக்குள் உணவுக்குழாயை அரித்துவிடும்.

கேட்டவர்:
டேப் ஒட்டி எடுத்து வைத்துவிட்டேன். ஒன்பது நாட்கள் ஆயின. மாமனார் ஒவ்வொரு இரவும் சுவிட்சை அணைக்கிறார், தேதி ஒருநாளும் மாறவில்லை.