மேட்டுப்பாளையம் டு குன்னூர் மலை ரயில், அப்பா அம்மா பசங்களோட போனது. நீங்க போனதையும் சொல்லுங்க

போன லீவுக்கு அப்பா அம்மாவையும் கூட்டிட்டு மலை ரயில்ல போயிட்டு வந்தோங்க. நெறைய பேரு ஊட்டி ட்ரெயின்ல போனோம்னு போட்டோ போடறாங்க, கேட்டா ஊட்டில ஏறி குன்னூர்ல இறங்கியிருப்பாங்க, அதுவும் இல்லன்னா கேத்தி வரைக்கும் போயிட்டு கார்ல திரும்பியிருப்பாங்க. அதுவும் நல்லாத்தான் இருக்கும், இல்லைங்கல. ஆனா அந்த மேல் பாதி டீசல் எஞ்சின்ல ஓடறது, தண்டவாளமும் சாதா தண்டவாளம். இந்த ரயிலுக்குன்னே இருக்கற வித்தை பூராவும் கீழ கல்லார்ல இருந்து குன்னூர் வரைக்கும்தான். அத விட்டுட்டு வந்தா பந்தி வரைக்கும் போயிட்டு பாயசம் மட்டும் குடிச்சிட்டு வந்த கதைதான்.

நாங்க சென்னைல இருந்து நீலகிரி எக்ஸ்பிரஸ்ல போனோம். காலைல மேட்டுப்பாளையத்துல இறங்கினா மலை ரயில் ரெடியா நிக்குது, 7.10க்கு கெளம்பும், அதுக்குள்ள பல்லு வெளக்கி டீ குடிச்சி ரெண்டு இட்லி உள்ள தள்ளிக்கலாம். பாத்ரூம் போற வேலையெல்லாம் அங்கயே முடிச்சிருங்க, இந்தப் பெட்டிகள்ல பாத்ரூம் கெடையாது, நடுவுல ஸ்டேஷன்ல நிக்கும்போதுதான். அம்மாவுக்கு சுகர் இருக்கறதால எனக்கு இதான் முதல் கவலையா இருந்துச்சு, ஆனா வண்டி தண்ணி பிடிக்க அங்கங்க நிக்கறதால சமாளிச்சிட்டாங்க.

நீலமும் கிரீமும் அடிச்ச சின்ன சின்ன மரப்பெட்டிங்க, சீட்டு நெருக்கம்தான், முட்டி முட்டி இடிக்கும். என் பையன் பிளாட்பாரத்துல முன்னாடி ஓடிப்போய் பாத்துட்டு, அம்மா எஞ்சினையே காணோம்னு கத்திட்டு வந்தான். எஞ்சின் பின்னாடி இருக்கு. இந்த வண்டிய மலைமேல இழுக்கறதில்ல, கீழ இருந்து தள்ளிட்டுப் போறாங்க. நடுவுல எங்கயாச்சும் பெட்டிங்கள கோத்திருக்கற கப்ளிங் விட்டுப்போச்சுன்னா பெட்டி பின்னாடி உருண்டுடும்ல, அதனால எஞ்சின் எப்பவும் பள்ளத்துப் பக்கமாவே இருக்கும். அப்ப முன்னாடி யாரு பாதைய பாப்பான்னா, முதல் பெட்டியோட மூக்குல ஒருத்தர் பச்சைக்கொடி செவப்புக்கொடி வெச்சிட்டு நிக்கறார். ஒவ்வொரு பெட்டிக்கும் தனியா பிரேக் பிடிக்க ஆள் இருக்காங்க.

எங்கப்பா கோயமுத்தூர் மில்லுல ஃபிட்டரா இருந்து ரிட்டையர் ஆனவர். அவர டூர் கூட்டிட்டுப் போறது ரொம்ப கஷ்டம், கோயிலுக்குப் போனா தேர்ச்சக்கரத்தோட அச்ச குனிஞ்சு பாத்துட்டு இருப்பார், பீச்சுக்குப் போனா மோட்டார் போட் இஞ்சின். இந்த ஒரு ட்ரிப்புலதான் எல்லாரையும் முந்திட்டு அவரு ரெடியா நின்னார்.

கெளம்பினதும் பவானி ஆத்துப் பாலம், அப்புறம் பாக்குத்தோப்பா வருது, கல்லார் வரைக்கும் தரை சமமாத்தான் இருக்கும். வண்டியும் சாதா வண்டி மாதிரியே ஓடுது. கல்லார் தாண்டினதும் வேகம் சுத்தமா கொறைஞ்சு, அடியில இருந்து கடக்குன்னு ஒரு சத்தம், அப்புறம் வேற தாளத்துல ஓட ஆரம்பிக்குது. அப்பா உடனே "பல்லுல மாட்டிருச்சு"ன்னார். ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல பல்லு வெட்டுன ரெண்டு இரும்புப் பட்டை போட்டிருக்காங்க, எஞ்சினுக்கு அடியில இருக்கற பல்சக்கரம் அதுல கோத்துக்கிட்டு ஏறுது. அந்த ரெண்டு பட்டையோட பல்லும் நேருக்கு நேரா இருக்காது, ஒண்ணுல பல்லு இருக்கற எடத்துல இன்னொண்ணுல பள்ளம், அதனால எந்த நேரமும் ஏதாவது ஒரு பல்லு பிடிச்சிட்டே இருக்கும், வண்டி குதிக்காம போகும். ஆப்ட் முறைன்னு பேரு, சுவிட்சர்லாந்துக்காரர் ஒருத்தர் கண்டுபிடிச்சது. இந்தியாவுல இப்படிப் பல்லு வெச்ச ரயில்பாதை இது ஒண்ணுதான். 12 அடி போனா 1 அடி ஏறுற சரிவு, மழை பேஞ்சா வழவழப்பு வேற, வெறும் இரும்பு மேல இரும்பு சக்கரம் வழுக்காம நிக்குமா சொல்லுங்க.

ஹில்குரோவ்ல தண்ணி பிடிக்க நிறுத்துனாங்க. எல்லாரும் டீ வடைன்னு போக, அப்பா நேரா எஞ்சினுக்குப் போயிட்டார், பையனும் பின்னாடியே. ஒரு பக்கத்துக்கு ரெண்டு சிலிண்டர், ஒண்ணுமேல ஒண்ணா இருக்கும். ஒரு ஜோடி சாதா சக்கரத்த ஓட்டுது, இன்னொரு ஜோடி பல்சக்கரத்த. இதுல சூட்சுமம் என்னன்னா முதல் சிலிண்டர்ல வேல செஞ்சு வெளிய வர்ற ஆவிய வீணாக்காம அடுத்த சிலிண்டருக்குள்ள அனுப்பி அதுலயும் வேல வாங்கிடறாங்க. சமதரையில முதல் ஜோடி மட்டும் ஓடும், பல்லு வந்ததும் ரெண்டும் ஓடும். அப்பா இத பையனுக்கு சொல்லிட்டு இருக்க, எஞ்சின்ல இருந்த பணியாளர் ஒருத்தர் பாத்துட்டு "நீங்க எந்த லோகோ ஷெட்டுங்க"ன்னு கேட்டுட்டார். "நான் ஸ்பின்னிங் மில்லுங்க"ன்னு அப்பா சொன்னதும் ரெண்டு பேரும் சிரிச்சாங்க பாருங்க, அன்னைக்குப் பூரா அப்பாவுக்கு அதே பேச்சு.

குரங்கு தொல்லை நெசம். எதிர் சீட்டு அம்மா கையில இருந்த முறுக்குப் பாக்கெட்ட ஜன்னல் வழியா வந்து பிடுங்கிட்டுப் போச்சு. கையில தின்பண்டம் வெச்சிட்டு ஜன்னலோரம் உக்காராதீங்க.

என் பொண்ணுக்கு காட் ரோடுன்னாலே வாந்தி, பர்லியார் வர்றதுக்குள்ள ரெண்டு கவர் ரொம்பிடும். ரயில்ல ஒண்ணுமே ஆகல. மணிக்கு 13 கிலோமீட்டர் வேகம்தானே, வளைவு எத்தன இருந்தாலும் ஒடம்ப தூக்கிப் போடல. மொத்த வழிக்கும் 208 வளைவு, 250 பாலம், 16 சுரங்கம். ஒவ்வொரு சுரங்கத்துக்கும் பெட்டில இருக்கற அத்தன புள்ளைங்களும் ஓன்னு கத்துது, மூணாவது சுரங்கத்துல எங்கம்மாவும் சேந்து கத்த ஆரம்பிச்சிட்டாங்க. அவங்கள நான் அப்படிப் பாத்ததே இல்ல. மத்தபடி யானை பாக்கலாம்னு பசங்க கண்ண விரிச்சிட்டு இருந்தாங்க, சாணிதான் பாத்தோம்.

குன்னூர்ல ஸ்டீம் எஞ்சின கழட்டிட்டு டீசல் மாட்டறாங்க. கெளம்பும்போது வண்டி கொஞ்சம் பின்னாடி போய்த்தான் அப்புறம் ஊட்டிப் பக்கம் ஏறுது, பசங்க திரும்பிப் போறோம்னே நெனச்சிட்டாங்க. 1899ல லைன் போட்டப்ப குன்னூரோட முடிச்சிட்டாங்க, ஊட்டிக்கு நீட்டுனது 1908ல, அதனால வந்த வெனை அது. அங்க இருந்து வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல்னு போயி மதியம் பன்னெண்டு வாக்குல ஊட்டி. 46 கிலோமீட்டருக்கு அஞ்சு மணி நேரம் பக்கம் ஆகுது. அப்பா குன்னூருக்கு மேல தூங்கிட்டார், டீசல்ல அவருக்கு இண்டரஸ்ட் இல்ல.

டிக்கெட் பத்தி எல்லாரும் கேப்பீங்க. புக்கிங் ஓபன் ஆகற அன்னைக்கே போட்டுருங்க, அப்புறம்னா லீவு நாள்ல சான்ஸே இல்ல.

*

நான் அருவங்காடு பக்கம். எங்கப்பா இங்க இருக்கற கார்டைட் (வெடிமருந்து) ஃபேக்டரில வேல. எங்களுக்கு இது டூரிஸ்ட் வண்டியே இல்ல, ஊட்டிக்கு பல்லு டாக்டர்ட்ட போறதுக்கும் கல்யாணத்துணி எடுக்கறதுக்கும் போன வண்டி. நீங்க மேல் பாதிய ஒரேயடியா மட்டம் தட்டிட்டீங்க அக்கா, கேத்தில காலைல பனி விலகும்போது பாத்தீங்கன்னா இப்படி எழுதியிருக்க மாட்டீங்க. வயசானவங்க, கைக்குழந்தை இருக்கறவங்க அஞ்சு மணி நேரம் அந்த சீட்டுல உக்கார முடியாது, அவங்களுக்கு ஊட்டி குன்னூர்தான் சரி. இன்னொண்ணு, ஐப்பசி கார்த்திகைல பிளான் போடாதீங்க. வடகிழக்கு மழை பிடிச்சா கல்லாருக்கும் குன்னூருக்கும் நடுவுல மண்ணு சரிஞ்சு, பாறை உருண்டு தண்டவாளத்துல கெடக்கும், சர்வீஸ ரத்து பண்ணிடுவாங்க. பத்து பதினஞ்சு பேரு ரூமெல்லாம் போட்டுட்டு வந்து மேட்டுப்பாளையத்துல முழிச்சிட்டு நிக்கறத வருஷா வருஷம் பாக்கறோம். மே சீசன்ல கூட்டம், ஜனவரி பிப்ரவரில குளிரு, ஆனா வானம் தெளிவா இருக்கும், என்னைய கேட்டா அப்பதான் வரணும்.

*

திருச்சிங்க. எங்க சித்தப்பா இங்க பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்புல இருந்தவரு. எல்லாரும் வெள்ளைக்காரன் காலத்து எஞ்சின்னு போட்டோ எடுத்துப் போடறீங்க, அதுல சிலது எங்க ஊர்ல செஞ்சது, 2011க்கு அப்புறம் வந்தது! பழசு சுவிட்சர்லாந்து வின்டர்தூர் கம்பெனியோடது, அதுக்கு ஸ்பேர் கெடைக்காது, பாய்லர் தேஞ்சு போச்சு, அதே டிசைன்ல எண்ணெய்ல எரியற மாதிரி புதுசா பொன்மலைல கட்டுனாங்க. 2021ல நிலக்கரில ஓடறது ஒண்ணும் செஞ்சாங்க. புதுசுன்னா அப்புறம் அது என்ன பாரம்பரியம்னு என் ஃபிரெண்டு ஒருத்தன் சண்டைக்கு வருவான். எனக்கு அதுல உடன்பாடு இல்ல. நூறு வருஷத்துக்கு முந்தின டிசைன்ல இன்னைக்கு ஒரு பாய்லர் கட்ட ஒரு ஊர்ல ஆள் இருக்குன்னா அதவிட பெரிய பாரம்பரியம் என்ன இருக்கு. சித்தப்பா குடும்பத்தோட மலை ரயில்ல போனப்ப ஜன்னல் பக்கமே திரும்பல, காத வெச்சு சத்தத்தையே கேட்டுட்டு வந்தாருன்னு சித்தி இன்னும் திட்டுவாங்க. உங்கப்பாவும் எங்க சித்தப்பாவும் ஒரே பெட்டில போயிருக்கணும்.

*

டார்ஜிலிங் போயிருக்கீங்களா யாராச்சும்? எங்க அண்ணன் மிலிட்டரில அந்தப் பக்கம் இருந்தப்ப நாங்க எல்லாம் போயிருந்தோம். அது நம்முளுதவிட பழசு, 1881ல இருந்து ஓடுது, யுனெஸ்கோ பாரம்பரிய லிஸ்ட்லயும் 1999லயே வந்துருச்சு, நம்மளது அதோட பின்னாடி சேந்ததுதான். ஆனா அங்க பல்லு கில்லு ஒண்ணும் கெடையாது. ரெண்டடி அகலத் தண்டவாளம், மலைய சுத்திச் சுத்தியும் முன்ன பின்ன போயும் ஏறிடுது. வழுக்குதுன்னா எஞ்சின் மூக்குல ரெண்டு பேரு உக்காந்துட்டு தண்டவாளத்துல மணல் தூவறாங்க, பாக்கறதுக்கே நமக்கு பக்குன்னு இருக்கும். கடைத்தெருவுக்குள்ளயே போகுது, கை நீட்டினா கடைல தொங்கற ஸ்வெட்டர எடுத்துடலாம். அம்மாவுக்கு அந்த பதாசியா லூப்புல வண்டி தன் வாலையே சுத்தி வர்றது ரொம்பப் பிடிச்சுது. முழு தூரம் ஒரு நாள் பூரா இழுக்கும், பசங்களோட போறவங்க டார்ஜிலிங்ல இருந்து கூம் வரைக்கும் போயிட்டு வர்ற சின்ன ட்ரிப்பே போதும். ரெண்டுல எதுன்னு கேட்டா காட்டுக்கு நீலகிரி, மனுஷங்களுக்கு டார்ஜிலிங்.

*

அருவங்காடு தம்பி, கேத்தி விஷயத்துல ஒத்துக்கறேன், நாங்க போனப்ப உச்சி வெயில். திருச்சிக்காரர் எழுதினத அப்பாவுக்கு வாசிச்சுக் காட்டினேன். நாங்க போன எஞ்சின் பழசா பொன்மலையான்னு இப்ப அவருக்கு மண்டைக் கொடைச்சல், பையன் போன்ல எடுத்த போட்டோவ பெருசு பண்ணி நம்பர் தேடிட்டு இருக்கார். ஏறும்போது எஞ்சின் வேல செய்யறத பாத்தாச்சு, இறங்கும்போது பிரேக் எப்படி பிடிக்கறாங்கன்னு பாக்கணுமாம், மதியம் ஊட்டில இருந்து 2 மணிக்கு கெளம்பற வண்டிக்கு டிக்கெட் போடச் சொல்லி ஆரம்பிச்சிட்டார். அம்மா வரலையாம், அம்மாவுக்கு டார்ஜிலிங் ஸ்வெட்டர் கடை வேணுமாம். வீட்டுக்காரர் லீவு லெட்டர் டைப் பண்ணிட்டு இருக்கார், எதுக்குன்னு இன்னும் எழுதல.