கருணை தியானத்துக்கு உட்கார்ந்தா அழுகைதான் வருது, எங்கே தப்பு?

பாலக்கோட்டுப் பெண்:
பக்கவாதத்துல படுத்துட்ட மாமியாரைப் பார்த்துக்கிறேன். பௌத்த முறையில கருணை தியானம், முதல்ல எனக்கு, அடுத்து அவங்களுக்குன்னு செய்யறேன். கொஞ்ச நேரத்துல அழுகை வந்துடுது, அப்புறம் நாள் முழுக்க அசதி. இதுதான் கருணையா? யாரை வச்சு, எந்த வரிசையில செய்யணும்?

ஓசூர் வாசகன்:
அது கருணை இல்லீங்க, துக்கம். விசுத்திமார்க்கம்னு ஒரு பழைய பாலி பௌத்த நூலோட 9ஆம் அத்தியாயத்துல, அதை எழுதின புத்தகோசர் கருணைக்கு ரெண்டு பகை சொல்றார். தூரத்துப் பகை கொடுமை. பக்கத்துப் பகை துக்கம். கொடுமையைப் பார்த்ததும் தெரிஞ்சுடும். துக்கம் கருணை வேஷத்துலயே வரும், அதான் சிக்கல். கொடுமை அடங்கினா கருணை தேறுது, சோகம் பிறந்தா தோக்குது. அவர் வைக்கிற அளவுகோல் அவ்வளவுதான்.

வரிசையும் மாறிப்போச்சு. தன்னை வச்சுத் தொடங்கறது மைத்ரிக்கு, அதாவது எல்லாரும் நல்லா இருக்கணும்னு நினைக்கிற அன்புத் தியானத்துக்கு. கருணையில முதல் ஆள், ரொம்ப நொந்துபோன, நமக்கு ஒட்டுறவு இல்லாத ஒருத்தர். தர்மபுரி பஸ் ஸ்டாண்டுல கையேந்தி உட்கார்ந்திருக்கிற பாட்டின்னு வச்சுக்கோங்க. எதிர்பாலர் வேண்டாம், இறந்தவங்களும் வேண்டாம். அடுத்து வேண்டியவங்க, உங்க மாமியார் இங்கதான் வரணும். பிறகு விருப்பு வெறுப்பு இல்லாதவங்க. கடைசியா ஆகாதவங்க, பேச்சு நின்னுபோன ஓரகத்தி மாதிரி. அங்க கோபம் கிளம்பினா முந்தின ஆளுக்கே திரும்பிடுங்க.

நினைப்பு ஒண்ணுதான்: "இவங்க இப்படி நொந்து கிடக்காங்களே, இதிலிருந்து விடுபட்டா எவ்வளவு நல்லா இருக்கும்." மனசு பின்பாதியில நிக்கணும். முன்பாதியிலயே சுத்திக்கிட்டிருந்தா அழுகை வராம என்ன வரும்?

பாலக்கோட்டுப் பெண்:
அப்ப எனக்குன்னு செய்யவே கூடாதா?

அரூர்க்காரர்:
செய்யலாங்க, இடம்தான் வேற. அவர் சொன்ன ஆளுங்களுக்குத் தனித்தனியா மனசு பழகின பிறகு, இந்த நாலு பேருக்கு நடுவுல இருக்கிற வேலிகளை உடைக்கணும்: தான், வேண்டியவர், நடுநிலையானவர், ஆகாதவர். அதுக்கு அதே நூல்ல ஒரு சோதனை இருக்கு. நாலு பேரும் இருக்கிற இடத்துக்குத் திருடங்க வந்து, பலி கொடுக்க ஒருத்தரைக் கேக்கறாங்க. "அவரைக் கொண்டுபோ"ன்னாலும் வேலி உடையல. "என்னைக் கொண்டுபோ"ன்னாலும் உடையல. நோயாளியைப் பார்த்துக்கிறவங்க பெரும்பாலும் ரெண்டாவதுலதான் மாட்டிக்கிறாங்க. தியாகம்னு ஊர் மெச்சும், தியானக் கணக்குல அது பாரபட்சம்.

இன்னொண்ணு, கண்ணை மூடினாத்தான் கருணைன்னு இல்ல. பிக்குகளோட ஒழுக்க விதிகளைச் சொல்ற வினய பிடகத்துல, மகாவக்கம்ங்கற பகுதியில ஒரு கதை: வயிற்றுப்போக்குல தன் மலத்துலயே கிடந்த பிக்குவை யாரும் கவனிக்கல. புத்தரோட பணியாளரான பிக்கு ஆனந்தர் தண்ணி கொண்டுவர, புத்தர் ஊத்த, ஆனந்தர் கழுவினார். ரெண்டு பேருமா தலைமாடும் கால்மாடும் தூக்கிக் கட்டில்ல படுக்கவச்சாங்க. நல்ல பணிவிடைக்காரருக்கு அஞ்சு தகுதியும் அங்கேயே வருது: மருந்து தயாரிக்கத் தெரியணும், எது ஒத்துக்கும், ஒத்துக்காதுன்னு தெரிஞ்சு கொடுக்கணும், ஆதாயத்துக்காக இல்லாம அன்போட செய்யணும், மலம், மூத்திரம், எச்சில், வாந்தி அள்ள அருவருக்கக் கூடாது, தம்மம், அதாவது புத்தர் போதனை, பேசித் தெம்பூட்டணும். அழுகை அந்தப் பட்டியல்லயே இல்ல.

படுக்கைப்புண் வராம 2 மணி நேரத்துக்கு ஒருதரம் அவங்களைப் புரட்டிப் படுக்க வைப்பீங்கல்ல? தோளுக்கும் இடுப்புக்கும் கை கொடுக்கும்போது அந்தப் பின்பாதி நினைப்பை வச்சுக்கோங்க. தனியா உட்காரும்போது பஸ் ஸ்டாண்டுப் பாட்டி.

காவேரிப்பட்டினம் வாசகி:
மூச்சை இழுக்கும்போது அடுத்தவங்க துன்பத்தை உள்வாங்கற திபெத்திய முறையை இப்போதைக்குத் தொடாதீங்க, இந்த அசதியோட அது தாங்காது. அழுகை முட்டுற நாள்ல கருணையை நிறுத்திட்டு உபேக்கைக்கு, அதாவது சமநிலை மனசுக்கான தியானத்துக்குப் போங்க: "உயிர்கள் தத்தம் வினைக்கு உரியவை." இதைக் கையலம்பறதுன்னு எடுத்துக்கக் கூடாது. புரட்டிப் போடற வேலை அப்பவும் நேரத்துக்கு நடக்கணும்.