இரண்டு கிராபிக்ஸ் கார்டுகளும் நான் போட்ட தப்புக் கணக்கும்

ஆர்டிஎக்ஸ் 3090 கிராபிக்ஸ் கார்டுகள் இரண்டை என்விலிங்க் பாலத்தால் இணைத்து விளையாட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். காகிதத்தில் கூட்டிப் பார்த்தேன். கார்டுக்கு 350 வாட் என்று 700, பிராசசருக்கு 150, விசிறி, டிஸ்க் என்று சில்லறைச் செலவு 50. மொத்தம் 900. நூறு வாட் மிச்சம் இருக்கட்டும் என்று 1000 வாட் பவர் சப்ளை வாங்கினேன்.

விளையாட்டில் பெரிய காட்சி ஏதாவது திறக்கும் கணத்தில் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும், திரை இருண்டுவிடும். பின்பக்கச் சுவிட்சை அணைத்து, சற்றுப் பொறுத்துப் போட்டால்தான் மறுபடி உயிர் வரும். விண்டோஸ் பதிவில் 'கெர்னல் பவர் 41' என்ற ஒற்றை வரிதான் இருக்கும். திடீரென்று அணைந்தது என்று அது சொல்லும், காரணம் சொல்லாது. ரேமை மாற்றி மாற்றிச் செருகினேன், விண்டோஸைப் புதிதாக நிறுவினேன், பாவம், டிரைவரையும் திட்டினேன். மூன்று வாரம் இப்படியே போயிற்று.

ஒருநாள் சலித்துப்போய் இரண்டு கார்டுகளின் உச்ச அளவையும் 280 வாட்டுக்கு இறக்கினேன். விடியும்வரை ஒருமுறைகூட அணையவில்லை. அப்போதுதான் உறைத்தது. 350 என்பது சராசரிக் கணக்கு. கண்ணிமைக்கும் நேரத்தைவிடக் குறைந்த பொழுதில் கார்டு அதைத் தாண்டி இழுத்துவிட்டுத் திரும்பிவிடும். இரண்டு கார்டுகளும் சேர்ந்தாற்போல் இழுத்தால் பவர் சப்ளையின் பாதுகாப்புச் சுற்று கதவைச் சாத்திவிடுகிறது. பவர் சப்ளைகளுக்கென 2022-இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதி, 100 மைக்ரோவிநாடிக்கு இருமடங்குச் சுமையைத் தாங்கச் சொல்வது இதற்காகத்தான். என்னுடையது அதற்கு முந்தையது.

கேபிளிலும் கோட்டை விட்டிருந்தேன். ஒவ்வொரு கார்டிலும் இரண்டு 8-பின் சாக்கெட்டுகள். மேசை அழகாக இருக்கட்டும் என்று இரட்டைத் தலைக் கேபிள் ஒன்றையே இரண்டிலும் செருகியிருந்தேன். ஒரு 8-பின்னுக்கு 150 வாட் என்றால், அந்த ஒரே கேபிளின் மூன்று 12 வோல்ட் கம்பிகள் 300 வாட்டைச் சுமக்கின்றன. கம்பிக்கு எட்டு ஆம்பியருக்கு மேல். தொட்டுப் பார்த்தேன். கை சுடவில்லை, ஆனால் மேலுறை வேகவைத்த சேமியாபோல் துவண்டிருந்தது. இப்போது 1600 வாட், சாக்கெட்டுக்கு ஒரு தனிக் கேபிள்.

*

உங்களுக்காவது அணைந்தது, நண்பரே. எனக்குப் புகைந்தது.

2010-இல் இரண்டு ஜிடிஎக்ஸ் 460 கார்டுகள். பவர் சப்ளைப் பெட்டியில் 750 வாட் என்று கொட்டை எழுத்து. விலையோ மிக மலிவு. எரிந்த பிறகுதான் பக்கவாட்டு ஸ்டிக்கரைப் படித்தேன். 12 வோல்ட் மொத்தம் 30 ஆம்பியர், அதாவது 360 வாட். மீதியெல்லாம் 5 வோல்ட்டிலும் 3.3 வோல்ட்டிலும் கூட்டிக் காட்டிய கணக்கு. கார்டும் பிராசசரும் வாழ்வது 12 வோல்ட்டில். கார்டுகளுக்கே 320 போய்விட்டால் பிராசசருக்கு 40 வாட் பிச்சை! மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தது. அன்றிலிருந்து பெட்டியின் முன்பக்கத்தைப் பார்ப்பதே இல்லை.

*

என் பங்குக்கு நானும் ஒன்று சொல்கிறேன். புதிய பவர் சப்ளைக்கு மாறும்போது பழைய கேபிள்களை அப்படியே விட்டுவிடாதீர்கள். கேபிள்கள் ஏற்கெனவே பின்னால் அழகாகக் கட்டியிருக்கின்றனவே, எதற்குப் பிரிப்பது என்று நினைத்தேன். பவர் சப்ளைப் பக்க முனை கச்சிதமாகப் பொருந்தியது. ஆனால் அந்த முனையில் எந்தத் துளைக்கு எந்த வோல்ட் என்பதற்குப் பொது விதி கிடையாது. 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 போய், இரண்டு ஹார்ட் டிஸ்க்குகள் ஒரே நொடியில் போயின. ஒன்றில் பத்து வருடப் புகைப்படங்கள் இருந்தன.

*

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். 1600 வாட்டுக்குக் கொட்டிய பணத்தில் அந்த இரண்டாவது கார்டு என்ன செய்கிறது? 3090-இல், விளையாட்டை எழுதியவர்களே வழி செய்து வைத்திருந்தால்தான் இரண்டும் சேர்ந்து உழைக்கும். பழைய கார்டுகளுக்கும் ஒரு விளையாட்டில் இரண்டையும் சேர்த்து ஓட்டுவதற்கான அமைப்பான எஸ்எல்ஐ புரொஃபைலைப் புதிதாகத் தருவதை, 2021 ஜனவரி முதல் கார்டைச் செய்யும் என்விடியா நிறுத்திவிட்டது.

*

நியாயமான கேள்விதான். நான் விளையாடுபவற்றில் மூன்றே மூன்று இரண்டையும் பயன்படுத்துகின்றன. மற்ற நேரத்தில் இரண்டாவது கார்டு விசிறியைக்கூடச் சுழற்றாமல் உட்கார்ந்திருக்கிறது. விற்றுவிடலாம் என்று கழற்றினேன். பெட்டிக்குள் அந்த வெற்றிடத்தைப் பார்க்கப் பிடிக்காமல் மறுநாளே திரும்பச் செருகிவிட்டேன்.